அவத்தை கேட்கும் காது

யோகலிங்கம் தன் காது நல்ல காது என்று ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்களுடைய காது சரியில்லை என்றுதான் சொல்வார். திருகோணமலையில் காது உள்ளவர்கள் என்று அவர் ஒப்புக்கொண்டது மிகச் சிலரை. அவர்களில் பாதிப்பேர் செத்துப்போய்விட்டார்கள், மிச்சப்பேர் கனடாவில் இருக்கிறார்கள்.

காப்புறுதி நிறுவனமொன்றில் பெரிய முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உவர்மலையில் வீடு. அந்த வீட்டின் ஒரு அறையில் யன்னலை அடைத்து, சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டி, ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களை நிறுத்தியிருந்தார். ஸ்பீக்கருக்குப் போகும் வயர்கள் என் மணிக்கட்டு மொத்தம். அவை நிலத்தில் பட்டால் சத்தம் கெட்டுவிடும் என்று சின்னச் சின்ன மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அங்கே ஒரு கூட்டம் கூடும். ஒரு வயலின் இசைத்தட்டைப் போடுவார். பாதியில் கையை உயர்த்தி, "கேட்டீங்களோ?" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். எதைக் கேட்கச் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. நானும் சில தடவை போய்த் தலையாட்டியிருக்கிறேன். அவருடைய மனைவி இராசமலர் சுடுகிற கட்லட் தலையாட்டலுக்குப் பிறகுதான் வரும்.

என் பெயர் நௌபர். உட்துறைமுக வீதியில் ஒரு மேல்மாடியில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பாட்டு, தேர்தல் விளம்பரம், புடவைக்கடை விளம்பரம் என்று எது வந்தாலும் செய்வோம்.

யோகலிங்கத்துக்கு விருப்பமான சொல் ஃபேஸ். பள்ளிக்கூடத்துப் பௌதிகவியல் புத்தகத்தில் அதை அவத்தை என்று போட்டிருப்பார்கள். சத்தம் என்பது காற்றைத் தள்ளுவதும் இழுப்பதும்தான். இரண்டு சத்தங்கள் ஒன்றாகத் தள்ளி ஒன்றாக இழுத்தால் ஒரே அவத்தை. ஒன்று தள்ள மற்றது இழுத்தால் தலைகீழ். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றின் வயரை மட்டும் மாற்றிக் கொழுவினால் சத்தம் மெலிந்து, கீழ்ச்சுருதியெல்லாம் காணாமல் போய்விடும். அது யாருக்கும் தெரியும். அங்கே ஒன்றையொன்று தின்பது காற்று, காதுக்கு அதில் பெருமை இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தே தலைகீழானால்? தள்ளவேண்டிய இடத்திலெல்லாம் இழுத்தால்? ஒன்றும் கூடாது, குறையாது, தள்ளலும் இழுவையும் மட்டும் இடம் மாறியிருக்கும். அதைக் காது கண்டுபிடிக்குமா என்று கேட்டால் படித்தவர்களே யோசிப்பார்கள். யோகலிங்கம் யோசிப்பதில்லை. பஸ் நிலையத்து அறிவித்தல், கல்யாண வீடியோ, கொழும்பில் பெரிய ஆட்கள் செய்த இசைத்தட்டு எல்லாவற்றையும் அரை நிமிடம் கேட்டுவிட்டு, "ஃபேஸ் பிழை" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார்.

இப்படியொரு மனிதரை நகரத்துக் கலை வட்டம் ஒரு போட்டிக்கு நடுவராகப் போட்டது. வானொலிக்கு ஏற்ற ஒலிச்சித்திரம் செய்யும் போட்டி. கலை வட்டத்தின் செயலாளர் கிருஷாந்த். யோகலிங்கம் தும்மினாலும் அதில் ஒரு இராகம் கண்டுபிடிக்கிற ஆள்.

என்னோடு வேலை செய்கிற அஸ்மியா அந்தப் போட்டிக்கு ஒன்று அனுப்பினாள். கிண்ணியாப் பிள்ளை. கொழும்பில் ஒலிப்பொறியியல் படித்துவிட்டு வந்தவள். கெட்டிக்காரி, ஆனால் அதை எங்களுக்கு மறக்கவிடமாட்டாள். அவளுடைய நாக்குக்குப் பயந்து இரண்டு வாடிக்கையாளர்கள் என்னிடம் தனியாக வந்து கதைப்பதுண்டு. கிண்ணியாவிலிருந்து விடியற்காலையில் மீன்பிடிக்கப் போகிற போட்டுகளோடு பல நாள் போய்ப் பதிவு செய்திருந்தாள். எஞ்சின் பிடிப்பது, வலை இறங்குவது, கடலில் ஆட்கள் தங்களுக்குள் ஏசிக்கொள்வது, கரையில் மீன் வாங்க நிற்கும் பெண்கள் விலை கேட்டுச் சிரிப்பது. கதை சொல்லுகிற குரலே அதில் கிடையாது. சத்தங்களே சொல்லிக்கொண்டு போகும். நான் கேட்டு அதிகம் பாராட்டவில்லை, அவளுக்குத் தலை இன்னும் வீங்கிவிடும் என்று.

பரிசளிப்பு விழாவில் யோகலிங்கம் மேடையேறி ஒவ்வொன்றாக விமர்சித்தார். அவளுடைய முறை வந்தபோது, எஞ்சின் சத்தம் முழுக்கத் தலைகீழ் அவத்தை என்றார். எஞ்சின் தள்ளவேண்டிய இடத்தில் இழுக்கிறது, கேட்கக் கேட்கத் தனக்கு நெஞ்சு படபடத்தது என்றார். பிறகு சபையைப் பார்த்து, "பிள்ளைக்கு ஆர்வம் இருக்கு. காதுதான் இன்னும் முளைக்கேல்ல" என்றார். சபை சிரித்தது. முதற்பரிசு, இணையத்திலிருந்து இறக்கிய மழைச்சத்தத்துக்கு மேலே ஒருவர் தாய்மண்ணைப் பற்றிக் கவிதை வாசித்த பதிவுக்குப் போனது. அந்த மழை எந்த நாட்டு மழை என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கே அஸ்மியா முகநூலில் எழுதினாள். மனிதக் காதுக்கு அவத்தை தெரியாது, இதை ஒரு ஜெர்மன் விஞ்ஞானி நூற்றைம்பது வருடத்துக்கு முன்னரே சொல்லிவிட்டார், உவர்மலைக்கு இன்னும் தபால் போய்ச் சேரவில்லை என்று. அதோடு விடாமல், யோகலிங்கம் எங்கள் கூடத்துக்கு வந்து, தன் சொந்த இசைத்தட்டுகளில் தலைகீழானது எது என்று கண்ணைக் கட்டாமலே கண்டுபிடித்துக் காட்டட்டும் என்றும் சவால் விட்டாள்.

ஊரில் இதற்குமுன் ஃபேஸ் என்ற சொல்லையே கேட்டிராதவர்களெல்லாம் அதற்குக் கீழே கருத்து எழுதினார்கள். சிலர் யோகலிங்கத்தின் காதுக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும் என்றார்கள். சிலர் விஞ்ஞானம் வாழ்க என்றார்கள். அந்த ஜெர்மன்காரர் உண்மையில் என்ன எழுதினார் என்று இரண்டு பக்கத்திலும் ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை. அஸ்மியாவும்தான். பிறகு அவளே என்னிடம் சொன்னாள், விரிவுரையில் கேட்ட ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் அவ்வளவு துள்ளினாளாம்.

யோகலிங்கம் சவாலை ஏற்றார். ஏற்காமல் விட அவருக்கு வழியில்லை. கிருஷாந்த் அவருக்காக முன்பே ஏற்றுப் பதிவு போட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், லுஹர் தொழுகை முடிந்து நான் வந்தபோது யோகலிங்கமும் கிருஷாந்தும் வாசலில் நின்றார்கள். யோகலிங்கத்தின் கையில் வெல்வெட் பையொன்று. உள்ளே அவருடைய சொந்த ஹெட்போன். எங்களுடையதை அவர் பார்வையாலேயே ஒதுக்கிவைத்தார். கிருஷாந்த் கைப்பேசியை உயர்த்தி, முகநூலில் நேரலை தொடங்கிவிட்டார்.

ஏற்பாடு இலேசானது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் அஸ்மியா கணினியோடு இருந்தாள். முதலில் ஒரு இசைத்துண்டை நேராகப் போடுவாள், பிறகு தலைகீழாக. விரும்பிய அளவு திரும்பத் திரும்பக் கேட்கலாம். அதன் பின் பெயர் சொல்லாமல் ஒன்று வரும். அது எது என்று அவர் சொல்லவேண்டும். எது வரவேண்டும் என்று கணினிதான் குலுக்கிப் போடும், ஆகவே எங்கள் முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க ஏலாது. நான் அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து பதில்களை மைக்கில் அஸ்மியாவுக்குச் சொன்னேன், அவள் கணினியில் பதிந்தாள்.

அவருடைய வயலினோடு தொடங்கினோம். கண்ணை மூடி, விரலால் தாளம் போட்டு, ஒவ்வொரு பதிலையும் தீர்ப்புப் போலச் சொன்னார். முடிவில் பாதி சரி, பாதி பிழை. காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். அடுத்தது அவர் உயிருக்கு உயிராக வைத்திருந்த நாதஸ்வரப் பதிவு. அதற்கு முன் ஏசியை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம். வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னார், குறைத்தோம். வியர்வை ஓட ஓட இருந்து கேட்டார். அதுவும் பாதிக்குப் பாதி. கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்லலாம்.

நேரலையில் கீழே சிரிப்புப் படங்கள் பொங்கி வந்திருக்கவேண்டும். கிருஷாந்த் திடீரென்று சிக்னல் இல்லை என்று சொல்லிக் கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். எங்கள் மாடியிலிருந்து கை நீட்டினால் தொலைபேசிக் கோபுரத்தைத் தொடலாம்.

அங்கேயே முடித்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அஸ்மியாவுக்குப் போதவில்லை. உள்ளே இருந்து மைக்கில், "சேர், கடைசியா என்ட எஞ்சினையும் கேட்டுட்டுப் போங்க. மேடையில சொன்னீங்கதானே" என்றாள். குத்துவதற்காகவே சொன்னாள். குரலில் தேன் வடிந்தது.

அவருக்கு எழும்பிப் போகத்தான் மனம். போனால் தோற்றதாகிவிடும். ஹெட்போனைத் திரும்ப மாட்டினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, தாளம் போடவில்லை. அவள் நேர் என்று ஒன்றையும் தலைகீழ் என்று மற்றதையும் போட்டாள். அவர் சலிப்போடு, "பேரை மாத்திப் போட்டிருக்கிறீங்கள். முதலாவதுதான் தலைகீழ்" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் அஸ்மியா சிரித்தாள். பிறகு பெயரில்லாதவை வந்தன. அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, பஸ்ஸில் ஆட்களுக்கு வழிவிடுகிறவர் போல, இது முதலாவது, இது இரண்டாவது, இது திரும்பவும் முதலாவது என்று சொல்லிக்கொண்டு போனார்.

ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

அஸ்மியாவின் சிரிப்பு நின்றதை நான் பார்த்தேன். இன்னொரு தடவை போட்டாள், கணினியைத் திரும்பக் குலுக்கவிட்டு. அதிலும் ஒன்றும் பிழையில்லை. யோகலிங்கம் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட நிற்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி வெல்வெட் பைக்குள் போட்டு, இந்தக் கட்டிடத்துக் கரண்டில் அழுக்கு, உங்கள் கணினியில் அழுக்கு, இதெல்லாம் ஒரு சோதனையா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கிருஷாந்த் பின்னாலேயே ஓடினார்.

அவர்கள் போன பிறகு அஸ்மியா தானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு என்னைக் கேட்கச் சொன்னாள். வித்தியாசம் இருந்தது. பெரிதாக இல்லை, ஆனால் இருந்தது. ஒன்றில் எஞ்சின் ஒவ்வொரு அடியும் காதில் வந்து முட்டியது. மற்றதில் அதே அடி பின்வாங்கியது. வயலினில் கேட்டுப் பார்த்தோம், அங்கே ஒரு மண்ணும் தெரியவில்லை.

அவள் மேசைக்குக் கீழிருந்து பதிவுக்குக் கொண்டுபோன மைக் வயரை எடுத்தாள். அது அவளே ஈயம் வைத்து ஒட்டிய வயர், கடையில் விற்பதெல்லாம் குப்பை என்று சொல்லி. முனையைக் கழற்றினாள். இரண்டு கம்பிகளும் இடம் மாறி ஒட்டப்பட்டிருந்தன. அவளுடைய எஞ்சின் உண்மையாகவே தலைகீழாகத்தான் பதிவாகியிருந்தது. யோகலிங்கம் மேடையில் சொன்ன ஆயிரம் விசர்க்கதைகளில் அந்த ஒன்று மட்டும் உண்மை.

நான் விட்டுவிடச் சொன்னேன். நேரலை நாதஸ்வரத்தோடு நின்றுவிட்டது. ஊர் முழுக்க அவர் தோற்றதாகத்தான் கதை. அவருக்கே தெரியாது தான் சரியாகச் சொன்னது. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை.

அஸ்மியா என்னைப் பார்த்த பார்வையில் நானும் உவர்மலைக் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டேன்.

"நௌபர் நானா, அந்தாளுக்குக் காது கேக்கல்ல எண்டதுக்கா நான் சண்டை பிடிச்சன்? கேக்காத ஒண்டைக் கேட்டதெண்டு சொன்னதுக்குத்தானே. இப்ப நான் கேட்ட ஒண்டைக் கேக்கல்ல எண்டு சொல்லவா?"

அந்த இரவு அவள் தேடிப் படித்திருக்கிறாள். மறுநாள் முழுவதையும் எழுதிப் போட்டாள். வயலினிலும் நாதஸ்வரத்திலும் யோகலிங்கத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சினில் கேட்டது. தடிப்பான, கீழ்ச்சுருதியில் விட்டுவிட்டு அடிக்கிற சத்தங்களில், அதுவும் ஹெட்போனில், அவத்தை மாறினால் காது சிலவேளை கண்டுபிடிக்கும். ஆகவே காதுக்கு அவத்தை தெரியாது என்று தான் எழுதியது பிழை. மேடையில் அவர் எஞ்சினைப் பற்றிச் சொன்னது சரி. வயரை மாற்றி ஒட்டியது தான்தான்.

முந்திய பதிவுக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வரவில்லை. வந்தவர்களும் கோபத்தோடு வந்தார்கள். விஞ்ஞானம் வாழ்க என்றவர்கள் அவள் உவர்மலைக்காரருக்குப் பயந்துவிட்டாள் என்றார்கள். பொன்னாடைக்காரர்கள், பார்த்தீர்களா, எல்லாம் கேட்கும் காது என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றார்கள். சில சத்தங்களில் கேட்கும், சில சத்தங்களில் கேட்காது என்ற வசனத்தை இரண்டு பக்கமும் வாசித்தது. இரண்டு பக்கமும் தனக்கு வேண்டிய பாதியைக் கிழித்துக்கொண்டு போனது.

அவள் நேரிலும் போய்ச் சொல்லவேண்டும் என்றாள். இரண்டு மூன்று வாரம் கழித்து நான் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோனேன். அவருடைய முகத்தைப் பார்க்கும் ஆசையும் எனக்கு இருந்தது, அதை ஒளிக்கத் தேவையில்லை.

இராசமலர்தான் கதவைத் திறந்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றுபோனதாம். கிருஷாந்துக்கு ஒவ்வொரு வாரமும் ஏதோவொரு அவசர வேலை. இவர் அறையைப் பூட்டிவிட்டு முன்கூடத்தில் பேப்பர் வாசிக்கிறார் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

யோகலிங்கம் பேப்பரை இறக்கவில்லை. அஸ்மியா நின்றபடியே சொன்னாள்.

"சேர், நீங்க சொன்னதுதான் சரி. என்ட வயர் மாறி இரிந்திச்சி. எஞ்சினில ஒவ்வொரு தரமும் சரியாச் சொன்னீங்க. நான் எழுதினது பிழை."

பேப்பர் மெல்ல இறங்கியது. ஒரு கணம் அந்த முகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையின் சந்தோசம் வந்ததை நான் கண்டேன். பிறகு அவர், "எதில எண்டனீர்?" என்று கேட்டார்.

"எஞ்சினில சேர். போட் எஞ்சின்."

"வயலினில?"

"அதுல இல்ல."

பேப்பரை மடித்து மேசையில் வைத்தார். "நான் முப்பது வருசம் காதைப் பழக்கினது டீசல் எஞ்சின் கேக்கவோ, பிள்ளை? அதெல்லாம் ஒரு சத்தமோ?"

அஸ்மியாவுக்கு மூக்குச் சிவந்தது. ஆனாலும் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். இது எல்லாருக்கும் சொன்னவுடன் பிடிபடுகிற காரியமில்லை, அவர் யாரும் சொல்லாமல் மேடையிலேயே கண்டுபிடித்திருக்கிறார், அது சின்ன விசயமில்லை என்று. அவளுடைய வாயிலிருந்து ஒரு மனிதரைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் குப்பை அள்ளுகிறவனுக்குக் கதவடைப்பது போலக் கையசைத்து மறுத்தார்.

அப்போது குசினி வாசலில் நின்ற இராசமலர், தான் ஒருக்கா கேட்கலாமா என்று கேட்டார். அந்த அறையில் இத்தனை வருடமாக அவர் தட்டோடு வந்து தட்டோடு போனதைத் தவிர வேறொன்றும் செய்து நான் கண்டதில்லை. அஸ்மியா தன் பையிலிருந்த சாதாரண ஹெட்போனை அவருக்கு மாட்டி, கைப்பேசியில் இரண்டையும் போட்டுக் காட்டினாள். பிறகு பெயர் சொல்லாமல் போட்டாள். இராசமலர் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே, இது முட்டுது, இது இழுக்குது, இது திரும்ப முட்டுது என்றார். எல்லாம் சரி.

அஸ்மியா என்னைப் பார்த்தாள். நான் யோகலிங்கத்தைப் பார்த்தேன்.

"இவளுக்கே கேக்குதெண்டால் அதில என்ன கிடக்கு" என்றார் அவர்.

இராசமலர் ஹெட்போனைக் கழற்றவில்லை. "எனக்குக் கேக்காதெண்டு நீங்கள்தானே சொல்லிக்கொண்டு இருந்தனீங்கள்" என்றார். சண்டைக் குரலில் இல்லை, உப்பு முடிந்துபோய்விட்டது என்று சொல்வது போல. பிறகு அஸ்மியாவிடம், இந்த எஞ்சினுக்குப் பிறகு என்ன வரும், முழுவதும் இருக்கிறதா என்று கேட்டார். அஸ்மியா முழு ஒலிச்சித்திரத்தையும் போட்டுவிட்டாள். இராசமலர் கதிரையில் இருந்து கேட்டார். கரையில் பெண்கள் மீன் விலைக்குச் சிரிக்கிற இடம் வந்திருக்கவேண்டும், தனக்குள் சிரித்தார். நடுவர் யோகலிங்கம் அந்த இடம்வரை போகவேயில்லை. எஞ்சினோடு நிறுத்திவிட்டாராம். அதையும் இராசமலர்தான் எங்களுக்குச் சொன்னார், அவர் முன்னிலையிலேயே. யோகலிங்கம் எழும்பிப்போய் அறையைத் திறந்து உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. அந்தக் கதவு உண்மையிலேயே நல்ல கதவு. உள்ளே என்ன நடந்தாலும் வெளியே ஒன்றும் கேட்காது.

அஸ்மியா எஞ்சின் துண்டுகளை நேராக்கி, ஒலிச்சித்திரத்தைக் கொழும்பு வானொலி ஒன்றுக்கு அனுப்பினாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பால்மா விளம்பரத்துக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவில் போட்டார்கள். கிண்ணியாவில் போட்டுக்காரர்கள் கேட்டுவிட்டு, தங்கள் ஏச்சுகளில் நல்லவற்றையெல்லாம் வெட்டிவிட்டதாகக் குறைப்பட்டார்கள்.

உவர்மலைக் கூட்டம் ஒரு மாதத்துக்குள் திரும்பத் தொடங்கிவிட்டது. யோகலிங்கம் இப்போது ஃபேஸ் பற்றிக் கதைப்பதில்லை. திருகோணமலைக் கரண்ட் அழுக்கு என்கிறார். கரண்டைக் கழுவுகிற பெட்டியொன்றைச் சிங்கப்பூரிலிருந்து எடுப்பித்திருக்கிறார். அதைப் போட்டும் போடாமலும் வயலினைக் கேட்கவைக்கிறார். கிருஷாந்துக்கு வித்தியாசம் உடனே கேட்டதாம். இராசமலர் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பூரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுகிறார். தேத்தண்ணியை அவர்களே போட்டுக் குடிக்கிறார்களாம்.

அஸ்மியா தன் முதற்பதிவை அழிக்கவில்லை. அதன் கடைசியில், மேலே சொன்னது பிழை, காரணம் அடுத்த பதிவில் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாள். இன்றைக்கும் அது பகிரப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கடைசி வரிவரைக்கும் வாசித்ததாக இதுவரை ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.